சுற்றுப் படத்தில் இல்லாத திருகுகள்

வால்வு வானொலிப் பெட்டி ஒன்றின் மின்சுற்றுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, நிலக்குறி அதில் எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் குறுகிக்கொண்டே போகும் மூன்று கோடுகளே அந்தக் குறி. ஐந்து வால்வுகள் கொண்ட சாதாரணப் பெட்டியிலேயே அது பல இடங்களில் காணப்படும். கேத்தோடு மின்தடையின் ஒரு முனை, வடிகட்டும் மின்தேக்கியின் எதிர்முனை, ஒலிக் கட்டுப்பாட்டின் ஒரு முனை, நிலையம் தேடும் மின்தேக்கியின் சுழலும் தகடுகள் எனப் பலவும் அந்தக் குறியில் போய் முடிகின்றன.

இவ்விடங்கள் யாவும் ஒன்றே, இவற்றுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு கிடையாது என்பதே அந்தக் குறியின் பொருள். ஆனால் பெட்டியைத் திறந்தால் அங்கே நாம் காண்பது 'சேசிஸ்' எனப்படும் உலோக அடித்தட்டு. அதில் முடுக்கிய திருகுகள், அறைந்த ரிவெட்டுகள், முறுக்கி வளைத்த காதுகள், திருகின் அடியில் செருகிய ஈயப்பற்றுத் துண்டுகள் ஆகியவை உள்ளன. மின்னோட்டம் இவை ஒவ்வொன்றையும் கடந்துதான் அடித்தட்டை அடைய வேண்டும். இந்த இணைப்புகள் சுற்றுப் படத்தில் இல்லை. உறுப்புகளின் பட்டியலிலும் இல்லை. அறுபது, எழுபது ஆண்டுகள் கடந்த கருவிகளில் இவை பல கோளாறுகளுக்குக் காரணமாக இருந்தும், பழுது நீக்கும் கலையைக் கற்பித்த நூல்கள் இவற்றுக்கு உரிய இடம் தரவில்லை. அந்தக் குறைபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடித்தட்டு ஏன் கம்பி ஆயிற்று?

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அடித்தட்டையே பொதுவான திரும்பும் வழியாகக் கொண்டது நல்ல ஏற்பாடே. வால்வுகளையும் மின்மாற்றியையும் தாங்க எப்படியும் ஓர் உலோகத் தட்டு வேண்டும். அதையே கடத்தியாகவும் கொண்டால் கம்பி மிச்சம், வேலையும் விரைவு. அகன்ற தட்டின் தன் மின்தூண்டல் மெல்லிய கம்பியினுடையதைவிடக் குறைவு. ஆதலால் உயர்ந்த அதிர்வெண்களுக்கு அது ஏற்றது. ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அலைகள் தாவாமல் மறைக்கும் திரையாகவும் அது பயன்படுகிறது.

நிலக்குறியும் அப்படியே. எல்லாத் திரும்பும் கம்பிகளையும் வரைந்தால் படம் சிலந்திவலைபோல் ஆகிவிடும். எனவே குறியைக் கண்டுபிடித்தவர்கள்மீது குற்றமில்லை. படிப்பவர் வசதிக்காகச் செய்த சுருக்கத்தை, கருவியைப் பற்றிய உண்மையாகவே பிறகு வந்தவர்கள் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

திருகின் அடியில் நடப்பது என்ன?

இரண்டு உலோகப் பரப்புகளை அழுத்தி வைத்தால், அவை முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. எவ்வளவு வழவழப்பாகத் தோன்றினாலும் நுண்ணோக்கியின் கீழ் அவை மேடுபள்ளங்களே. மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு புள்ளிகளுக்குள் நெருங்கிப் புகுந்து செல்ல வேண்டும். இந்த நெருக்கடியால் உண்டாகும் தடையை விரிவாக ஆராய்ந்தவர் ராக்னர் ஹோம் என்ற அறிஞர். வட்டமான ஒரு தொடுபுள்ளியின் தடையைக் காண, உலோகத்தின் தன்தடையை அப்புள்ளியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். செம்பும் செம்பும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள ஒரே புள்ளியில் தொட்டால்கூடத் தடை ஏறத்தாழ 0.85 மில்லி ஓம் மட்டுமே. ஆகவே, சுத்தமான இணைப்பு உண்மையிலேயே மிக நல்ல இணைப்பு.

தொல்லை தருவது படலம். அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டவுடனே மெல்லிய ஆக்சைடு படிகிறது. அது கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாதது. இரும்பின் துரு தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், தொட்டுக்கொண்டிருந்த பரப்புகளைப் பிரித்தும் விடுகிறது. பித்தளைத் துண்டும் அலுமினியத் தட்டும் சேருமிடத்தில் ஈரம் புகுந்தால் அது சிறு மின்கலமாகவே மாறி, அலுமினியத்தை அரிக்கிறது. கடலோரக் காற்றின் உப்பு இந்த வேலையை மேலும் விரைவுபடுத்தும். பெட்டி சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் உலோகங்கள் விரிந்து சுருங்குவதால் திருகின் பிடியும் மெல்லத் தளர்கிறது.

துருவும் செம்பின் ஆக்சைடும் குறைகடத்திகள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். செம்பு ஆக்சைடைக் கொண்டே ஒரு காலத்தில் மின்திருத்திகள் செய்தார்கள். ஆகவே, கெட்டுப்போன இணைப்பு வெறும் தடையாக மட்டும் இருப்பதில்லை. சில சமயம் ஒரு பக்கமாக மட்டும் மின்னோட்டத்தை எளிதில் விடும் டயோடாகவும் நடந்துகொள்கிறது. பக்கத்தில் வலிய ஒலிபரப்பு நிலையம் இருந்தால், இரண்டு அலைகள் அங்கே கலந்து, எந்த நிலையமும் அனுப்பாத புதிய அலைகள் தோன்றும். அமெச்சூர் வானொலியினர் இதைத் 'துருப்பிடித்த மரையாணி விளைவு' என்பர்.

பத்தில் ஒரு ஓம் செய்யும் தீங்கு

ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை பெரிதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

6பிஇ6, 6பிஏ6, 6ஏவி6, 6ஏக்யூ5 என்ற நான்கு வால்வுகள் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்றின் சூடேற்றும் இழைகள் 6.3 வோல்ட்டில் தலைக்கு 0.3 ஆம்பியரும், நான்காவது 0.45 ஆம்பியரும் எடுக்கும், மொத்தம் 1.35 ஆம்பியர். இழைகளின் ஒரு முனை அடித்தட்டில் இணைந்திருந்தால், இவ்வளவு மாறுதிசை மின்னோட்டமும் மின்மாற்றிக்குத் திரும்ப ஒரே ஒரு திருகைக் கடக்கக்கூடும். அந்தத் திருகின் தடை 0.1 ஓம் என்றால், அங்கே 0.135 வோல்ட் தோன்றும். 6.3 வோல்ட்டில் இது ஒரு பொருட்டன்று. இழைகள் வழக்கம்போல ஒளிரும். ஆனால் 6ஏவி6 வால்வின் கேத்தோடு அதே திருகின் அடியில் உள்ள துண்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகும்? அந்த வால்வு பெருக்க வேண்டிய ஒலிக்குறிப்பு, மெலிந்த நிலையங்களில் சில பத்து மில்லிவோல்ட்டுகளே. அதனுடன் 135 மில்லிவோல்ட் உறுமலும் சேர்ந்து பெருகும். பாட்டைவிட உறுமலே உரக்கக் கேட்கும்.

இரண்டு வேறு மின்னோட்டங்கள் ஒரே தடையின் வழியே செல்வதுதான் இதற்குக் காரணம். வால்வு, மின்தடை, மின்தேக்கி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் எல்லாமே நல்லவையாக இருக்கும். குற்றவாளி பட்டியலில் இல்லாதது.

நூல்கள் கற்பிக்கும் ஒரு சோதனை

பெட்டி உறுமினால் வடிகட்டும் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கியைச் சந்தேகி என்று பழுதுநீக்கும் நூல்கள் சொல்லும். சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சோதனையும் உண்டு: நல்ல மின்தேக்கி ஒன்றை அதற்குப் பக்க இணைப்பாக வைத்துப் பார், உறுமல் குறைந்தால் பழையது கெட்டுவிட்டது, மாற்று.

இந்தச் சோதனையை நிதானமாக ஆராய்வோம். பழைய பெட்டிகளில் ஒரே அலுமினியக் குவளைக்குள் இரண்டு மின்தேக்கிகள் இருக்கும். இரண்டுக்கும் எதிர்முனை அந்தக் குவளையே. குவளை அடித்தட்டைத் தொடுவது முறுக்கிய காதுகளாலோ ஒரு பெரிய நட்டாலோதான். அந்தத் தொடுப்பில் 1 ஓம் தடை ஏற்பட்டுவிட்டதாகக் கொள்வோம். முதல் மின்தேக்கியில் பாயும் ஏற்றஇறக்க மின்னோட்டம் 0.1 ஆம்பியர் என்றால், தொடுப்பில் 0.1 வோல்ட் தோன்றும். குவளை முழுவதுமே அடித்தட்டைப் பொறுத்து அந்த 0.1 வோல்ட்டால் ஆடும். இரண்டாம் மின்தேக்கியும் அதே குவளையில் நிற்பதால், வடிகட்டி முடிந்த தூய மின்னழுத்தத்தின்மேல் இந்த ஆட்டம் நேராக ஏறிவிடுகிறது. வடிகட்டும் சுருளால் இதைத் தடுக்க முடியாது. ஆட்டம் சுருளுக்கு அப்பால் புகுகிறது.

இப்போது மெக்கானிக் நல்ல மின்தேக்கியைக் கொண்டு வருகிறார். அதன் எதிர்முனையை அடித்தட்டில் வேறோர் இடத்தில் தொடுகிறார். உறுமல் குறைகிறது. புது மின்தேக்கி பழைய மின்தேக்கிக்கு மட்டும் துணை நிற்கவில்லை. கெட்ட தொடுப்பையும் சேர்த்துத் தாண்டிவிட்டது. பழைய குவளை தூக்கியெறியப்படுகிறது. புதியதை வேறோர் இடத்தில் பற்றவைக்கிறார். பெட்டி அமைதியாகப் பாடுகிறது. நோய் தீர்ந்தது, ஆகவே நோயை அறிந்ததும் சரி என்று முடிவாகிறது!

விஞ்ஞானம் பயிலும் மாணவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சோதனை இரண்டு காரணங்களை ஒரே சமயத்தில் நீக்கினால், அதன் விடை எந்தக் காரணத்தையும் மெய்ப்பிக்காது. சோதனை செய்தவருக்கு இரண்டாவது காரணம் இருப்பதே தெரியவில்லை. ஏனெனில் அவர் கையில் உள்ள படத்தில் அது வரையப்படவில்லை.

சரியான சோதனை கடினமானதன்று. பெட்டியை நிறுத்தி, மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரத்தை வடித்துவிட்டு, குவளையின் காதுக்கும், மின்மாற்றியின் நடுமுனை அடித்தட்டில் சேரும் இடத்துக்கும் இடையே ஒரு குட்டையான தடித்த கம்பியைப் பற்றவைக்க வேண்டும். மீண்டும் பெட்டியை இயக்கும்போது உறுமல் மறைந்தால் குற்றம் தொடுப்பினுடையது. மறையாவிட்டால் மின்தேக்கியை மாற்றலாம். பழைய எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள் உலர்ந்துபோவதும், மெழுகுத்தாள் மின்தேக்கிகள் கசிவதும் உண்மையே. அவற்றை மாற்றக் கூடாது என்பது நம் வாதமன்று. விசாரிக்காமல் தண்டிக்கக் கூடாது என்பதே.

ஒரு நல்ல கைந்நூலும் அதன் எல்லையும்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் பெண்டன் ஹார்பர் நகரில் இயங்கிய ஹீத் கம்பெனி, 1947 முதல் மின்னணுக் கருவிகளை உதிரி உறுப்புகளாக விற்றது. வாங்கியவரே வீட்டில் அமர்ந்து பூட்டிக்கொள்ளலாம். 'ஹீத்கிட்' எனப்பட்ட இவற்றுடன் வந்த கைந்நூல்கள் தொழில்நுட்ப எழுத்துக்கு ஒரு முன்மாதிரி. ஒரு வேலைக்கு ஒரு வாக்கியம். முடித்ததும் குறியிட அதன் பக்கத்தில் ஓர் அடைப்பு. ஓர் இடத்தில் எத்தனை கம்பிகள் சேர்ந்தபின் பற்றவைக்க வேண்டும் என்பதுகூட எண்ணிட்டுச் சொல்லப்பட்டது. திரும்பி வரும் கருவிகளில் பெரும்பாலானவை மோசமான பற்றவைப்பினாலேயே வேலை செய்யவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தார்கள். மின்னணுவியல் படிக்காத ஒருவர் இந்நூலை மட்டும் நம்பி ஓர் ஒலிபரப்பியையே செய்து முடித்தார் என்றால், எழுதியவர்களின் திறமைக்கு வேறு சான்று வேண்டாம்.

1970இல் வந்த எச்டபிள்யூ-101 என்ற அமெச்சூர் அஞ்சல்-வாங்கிக் கருவி இவற்றுள் புகழ்பெற்றது. முன்பகுதிகளை அச்சிட்ட சுற்றுப் பலகைகளில் அமைத்து, அப்பலகைகளைத் திருகும் பல்வாஷரும் கொண்டு அடித்தட்டில் பொருத்தினார்கள். பலகையின் செம்புத் தகட்டை அடித்தட்டுடன் இணைப்பதும் அதே திருகுகள்தாம். இங்கேதான் நூலின் எல்லை தெரிகிறது. பற்றவைப்பு மின்சார வேலையாகக் கருதப்பட்டு, பக்கம் பக்கமாகப் படத்துடன் விளக்கப்படுகிறது. திருகு முடுக்குவதோ தச்சு வேலைபோல நடத்தப்படுகிறது. அதுவும் ஒரு மின்தொடுப்பு என்ற அழுத்தம் இல்லை. ஆண்டுகள் செல்ல, திருகுகள் தளர்ந்து செம்பு கறுக்கிறது. ஒலிபரப்பும் வலிமை குறைவது, தானாகவே அலைவு தோன்றுவது, பெட்டியைத் தட்டினால் சரியாவது போன்ற கோளாறுகள் வருகின்றன. பலகைத் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் முடுக்குவது இக்கருவியை வைத்திருப்போர் நன்கறிந்த வைத்தியம். பலகையின் பொதுத் தகட்டுக்கு ஒரு குறியும் அடித்தட்டுக்கு வேறு குறியும் இடும் படங்களும் உண்டு. அது பாராட்டத்தக்க வழக்கம். ஆனாலும் இரண்டையும் சேர்க்கும் திருகு அப்போதும் படத்துக்கு வெளியேதான் நிற்கிறது.

கைவைத்தியங்கள்

நூல்கள் விட்ட இடத்தைக் கைவைத்தியங்கள் நிரப்பின. அவற்றையும் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நீளமான கம்பி ஒன்றை எங்கிருந்தோ எங்கோ இழுத்து 'எர்த்' கொடுப்பது முதலாவது. 10 சென்டிமீட்டர் கம்பியின் தன் மின்தூண்டல் சுமார் 0.1 மைக்ரோஹென்றி. 50 ஹெர்ட்சில் இது ஒன்றுமே இல்லை. 30 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 19 ஓம். உறுமலுக்கு மருந்தாகும் கம்பி, சிற்றலைப் பகுதியில் மருந்தாகாது. அங்கே குட்டையும் அகலமுமான செம்புப் பட்டையே தேவை.

தெளிப்பு மருந்தை எல்லா இடத்திலும் பீய்ச்சுவது இரண்டாவது. திருகின் அடியில் இறுகிய துருவுக்குள் அது செல்வதில்லை. சென்றாலும் அடுத்த மழைக்காலம் வரையே தாங்கும்.

உப்புத்தாளால் தேய்ப்பது மூன்றாவது. வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்க அது உதவும். ஆனால் 1940, 1950களின் பல அடித்தட்டுகளில் காட்மியம் பூசப்பட்டுள்ளது. காட்மியத் தூள் நச்சு; சுவாசிக்கவே கூடாதது. அப்படிப்பட்ட தட்டை ஈரத்துணியால் துடைத்துப் புது வாஷர் இட்டு முடுக்குவதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

'எர்த்' என்ற சொல்லின் ஆபத்து

கடைத்தெரு வழக்கில் 'எர்த்' என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைக் குறிக்கிறது: வீட்டு மின்சாரத்தின் புவி இணைப்பு, ஆன்டெனாவுக்காக மண்ணில் புதைத்த கம்பி, பெட்டியின் அடித்தட்டு. இந்தக் குழப்பம் உயிருக்கே உலை வைக்கும்.

மின்மாற்றி இல்லாத ஏசி-டிசி பெட்டிகளில் இழைகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் ஐந்து வால்வுப் பெட்டியில் 12.6 வோல்ட் இழைகள் மூன்று, 50 வோல்ட் ஒன்று, 35 வோல்ட் ஒன்று, கூட்டினால் 122.8 வோல்ட். இவற்றில் சுற்றின் எதிர்முனை நேராக வீட்டு மின்சாரத்தின் ஒரு கம்பியில் சேர்ந்திருக்கிறது. சில பெட்டிகளில் அடித்தட்டும் அதனுடன் இணைந்தே இருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் முழு மின்னழுத்தமும் அடித்தட்டில் நிற்கும். ஐரோப்பாவின் 'யு' வரிசை வால்வுப் பெட்டிகளும் இவ்வகையே. 230 வோல்ட் உள்ள நம் நாட்டில் ஆபத்து இன்னும் அதிகம். இப்படிப்பட்ட பெட்டிக்கு 'எர்த் சரியில்லை' என்று சொல்லிப் புவிக்கம்பியை இணைத்தால் நெருப்போ மரணமோ நேரலாம். பிரிப்பு மின்மாற்றி இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

அளந்து அறிதல்

சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவு இந்த வேலைக்கு உதவாது. அதன் கம்பிகளின் தடையே 0.1 ஓமைவிட அதிகமாக இருக்கலாம். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, 6 வோல்ட் மின்கல அடுக்கிலிருந்து 6 ஓம், 10 வாட் மின்தடையின் வழியே சுமார் 1 ஆம்பியர் மின்னோட்டத்தைச் சந்தேகத்துக்குரிய இணைப்பில் செலுத்துங்கள். ஈயப்பற்றுத் துண்டின்மேல் ஒரு முனையும், அதை ஒட்டிய அடித்தட்டு உலோகத்தின்மேல் மறுமுனையும் வைத்து மில்லிவோல்ட்டை அளவிடுங்கள். காட்டும் மில்லிவோல்ட்டே ஏறத்தாழ மில்லி ஓம் ஆகும். ஒற்றை இலக்கம் வந்தால் இணைப்பு நலம். மரக்குச்சியால் தட்டும்போது எண் துள்ளினால் இணைப்பு கெட்டது என்பது உறுதி. வலிய மின்னோட்டம் மெல்லிய படலத்தை உடைத்துத் தற்காலிகமாக நலமாக்கிவிடும் என்பதால், இந்தத் தட்டும் சோதனையை விட்டுவிடக் கூடாது.

கெட்டது தெரிந்தபின் வேலை எளிது. திருகைக் கழற்றி, பரப்புகளைப் பளபளப்பாக்கி, பல்வாஷர் இட்டு முடுக்கி, ஈரம் புகாமல் மெல்லிய பூச்சாகக் கிரீசைத் தடவலாம். சுற்றுப் பலகைகளில் அளவுக்கு மீறி முடுக்கினால் பலகை வெடிக்கும். பலகைத் தகட்டிலிருந்து அடித்தட்டுத் துண்டுக்குக் குட்டையான செம்புப் பின்னலைப் பற்றவைப்பதே மேல். தளர்ந்த ரிவெட்டைத் துளைத்தெடுத்து, அங்கே திருகும் நட்டும் போடலாம். ஒரு தடவைக்கு ஓர் இணைப்பு மட்டும் சீர்செய்து, மாற்றத்தைக் குறித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால் பெட்டி பாடும். எதனால் பாடியது என்று தெரியாது.

வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இணைப்பையும் ஓர் உறுப்பாக மதிப்பது நடவாத காரியமன்று. அமெரிக்க இராணுவ வானூர்திகளுக்கான மில்-பி-5087 என்ற பழைய விதி, வானொலிக் கருவிகளின் உலோகப் பிணைப்புக்கு 2.5 மில்லி ஓம் என்று வரம்பு கட்டியது. அங்கே இணைப்புக்கு ஓர் எண் உண்டு. அளந்து பார்க்கும் கடமையும் உண்டு. வீட்டு வானொலிக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. ஆனால் நிலக்குறியின் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு, எந்தெந்த முனைகள் எந்தத் திருகில் சேர்கின்றன என்று காட்டினாலே போதும். பாதிப் பழுதுகள் படத்திலேயே தெரிந்துவிடும்.

பழைய பெட்டிகளைச் சீராக்கும் இளைஞர்கள் இதைத் தாமே செய்துகொள்ளலாம். பென்சிலை எடுத்து, அடித்தட்டைப் பார்த்து, தம்மிடமுள்ள சுற்றுப் படத்தில் ஒவ்வொரு நிலக்குறிக்கும் எண் இட்டு வையுங்கள். நிறுவனங்கள் மறைந்துவிட்டன, நூல்களைத் திருத்த இனி யாரும் இல்லை. ஆயினும் படத்தைத் திருத்த இன்னும் வழி இருக்கிறது. அடுத்த முறை பெட்டி உறுமும்போது, ஈயப்பற்றுக் கோலை எடுப்பதற்கு முன் திருப்புளியை எடுங்கள்.